பட்டாளத்தின் ஏழாவது ஆள்

அன்று கண்மாய்க்குள் பட்டாளத்து அணிக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு, "ஓட மாட்டேன், நின்ன இடத்துல நிப்பேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்திருந்தார். அவருடைய மகன், அவனும் பட்டாளம். பள்ளிக்கூடத் தெருவிலிருந்து மூன்று பேர். மூவருக்கும் வேறு வேறு ஊரில் வேலை, ஆனால் சொல்லிவைத்து ஒரே ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். வராதவர் என் பெரியப்பா மகன். அசாமிலிருந்து விமானத்தில் வந்துவிடுவதாகத்தான் சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் லீவு ரத்தாகிவிட்டது என்று போன் வந்தது. எதிரே போலீஸ் அணியில் ஏழு பேரும் இருந்தார்கள், ஒரே நிறத்தில் பனியன் போட்டு.

பட்டாளத்தில் ஐந்து பேரைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆறாவது ஆள் என் தம்பி. அவனைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஊரே அன்று அவனைப் பார்க்கத்தான் வந்திருந்தது. எழுதக் கை வரவில்லை.

எங்கள் ஊர் குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, வானம் பார்த்த நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஆடு, அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் யூனிஃபார்ம். பாதி வீடுகளில் ஒருவராவது பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார். இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் எப்படிப் போட்டி வந்தது என்பதை ஊரில் பல விதமாகச் சொல்வார்கள். நான் அதிகம் கேட்டது சப்பரக் கதை. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு திருவிழாவில் அம்மன் சப்பரம் வீதி வரும்போது, கூட்டத்தை ஒதுக்கக் கயிறு பிடிப்பது யார் என்று தகராறு. "கூட்டத்த ஒதுக்குறது எங்க வேல" என்றாராம் அன்றைய ஏட்டு. "நாட்டையே நாங்க பாத்துக்கிறோம், இந்தக் கயித்தப் பாத்துக்க மாட்டமா" என்றாராம் அன்றைய சுபேதார். கயிற்றை இரண்டு பேரும் விடவில்லை. சப்பரம் தெருமுனையிலேயே நின்றது. தோளில் சப்பரத்தைத் தாங்கியவர்களில் ஒருவர்தான், "வலிக்குதுப்பா, கபடி ஆடி முடிவு பண்ணித் தொலைங்க" என்று கத்தியிருக்கிறார். மறுநாள் கண்மாய்க்குள் கோடு போட்டார்கள். அன்றிலிருந்து வருடா வருடம்.

முதலில் பொங்கலுக்குத்தான் ஆடினார்கள். அது சரிப்படவில்லை. பொங்கல் சமயத்தில் போலீஸ்காரர்கள் முக்கால்வாசிப் பேர் ஜல்லிக்கட்டு பந்தோபஸ்தில் நிற்பார்கள். ஆள் குறைந்து ஒவ்வொரு வருடமும் தோற்றார்கள். "நாங்க மாட்டுக்குக் காவல் நிக்கிற நேரமாப் பாத்து ஆடுறீங்க" என்று சண்டைக்கு வந்தார்கள். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் ஆட இடமும் கிடையாது. அதனால் வைகாசித் திருவிழாவில் மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாளுக்கு மாற்றினார்கள். வைகாசியில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். விழுந்தால் தோல் உரியும். அதைப் பற்றி ஒருவரும் புகார் சொன்னதில்லை.

தோற்ற அணி அய்யலூர் சந்தையில் கிடாய் பிடித்து விருந்து போட வேண்டும். ஜெயித்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறவும் வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. லீவு கிடைக்காத பட்டாளத்துக்காரனுக்குப் பதிலாக அவன் வீட்டாள் ஒருவர் இறங்கலாம். ஆனால் ஆடுவது வராதவனுக்காகத்தான். மைக்கில் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். எடுத்த புள்ளிகளும் அவன் பெயரில்தான் சேரும். வீட்டாளுக்குப் பெயர் கிடையாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா திண்டுக்கல்லில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்க் கைநாட்டு வைக்கிறவள். முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வாங்கித்தான் கல்லூரியில் சேர்ந்தேன். கணிதம் படித்தேன். இப்போது திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மே மாதம் சம்பளம் கிடையாது.

தம்பி பத்தாவதை இரண்டாவது தடவை எழுதித் தேறினான். நான் கல்லூரியில் கடைசி வருடம் இருக்கும்போது ராணுவ ஆள்சேர்ப்பு வந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எனக்கு விண்ணப்பம் போட்டேன். அவனுக்கும் வயது சரியாக இருந்தது. பஸ்ஸில் பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று அவனுக்கும் சேர்த்துப் போட்டேன். ஓட்டத்தில் இரண்டு பேரும் தேறினோம். நெஞ்சு அளக்கிற இடத்தில் நான் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். டேப் பிடித்திருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் கையை அசைத்து அனுப்பிவிட்டார். தம்பியிடம் டேப்பே போதாது போல இருந்தது. வெளியே மரத்தடியில் அவனுக்காகக் காத்திருந்தபோது, கட்டிக் கொண்டுபோயிருந்த புளிச்சோற்றை நான் தொடவில்லை. அவன் வந்து இரண்டு பொட்டலத்தையும் சாப்பிட்டான்.

அதன்பிறகு வீட்டில் எல்லாம் மாறிப்போனது. அவன் லீவில் வரும் நாளில் அப்பா மண்டிக்கு மட்டம் போட்டுவிட்டு ஸ்டேஷனில் நிற்பார். நான் கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்று அவருக்கு லோடு இருந்தது. அம்மா அவனுடைய யூனிஃபார்ம் படத்தைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேராக மாட்டினாள். என் பட்டம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அதை வாசிக்கிற ஆள் வீட்டில் நான் ஒருவன்தான்.

இரண்டு வருடம் முன்பு தம்பிக்குத் திருவிழாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தச் செய்தி வந்தபோது அம்மா அழுதாள். நான் கடைத்தெருவுக்குப் போய் முழங்காலுக்குப் பட்டை வாங்கினேன்.

அந்த வருடம் அவனுக்குப் பதிலாகக் கபடி ஆடினேன். எனக்கு உடம்பு கிடையாது, ஆனால் கால் வேகம் உண்டு. கடைசி ரெய்டில் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டு, இரண்டு பேர் காலைப் பிடித்தும் உதறிக்கொண்டு நடுக்கோட்டில் வந்து விழுந்தேன். ஜெயித்துவிட்டோம். மைக்செட் கடைக்காரர்தான் எப்போதும் வர்ணனை. என் தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆட்கள் என்னைத் தூக்கிக்கொண்டு அவன் பெயரைக் கத்தினார்கள். அம்மா கரைமேல் நின்று வீடியோ காலில் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, ஒம் பேருக்கு எம்புட்டுக் கைதட்டு பாத்தியா" என்று போனிடம் சொன்னாள்.

போனுக்குள்ளிருந்து அவன், "அண்ணே சூப்பர்ணே" என்றான். நான் அவளைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

அவனுக்கு அப்போது லீவு கிடைக்காததற்குக் காரணம் ரக்பி. உடம்பையும் பிடியையும் பார்த்துவிட்டு அவனுடைய பிரிவில் அந்த ஆட்டத்துக்கு எடுத்திருந்தார்கள். ராணுவத்துக்கும் கடற்படைக்கும் வருடா வருடம் நடக்கிற ரக்பிப் போட்டிக்கு அவர்களைக் கேம்ப் போட்டுத் தயார் செய்தார்கள். போனில் பேசினால் அதே பேச்சுத்தான். எந்த வருடம் சேற்றில் ஆடினார்கள், எந்த வருடம் யாருக்குத் தோள்பட்டை எலும்பு விலகியது, கடைசி நிமிடத்தில் எந்த வருடம் கை நழுவிப்போனது என்று பழைய ஆட்கள் மெஸ்ஸில் உட்கார்ந்து சொல்வதையெல்லாம் அப்படியே எங்களிடம் ஒப்பிப்பான். எட்டாம் வாய்ப்பாடு ஒழுங்காகச் சொல்ல வராதவன்.

"நேவி டீம்ல ஒரு தூத்துக்குடிக்காரன் ஆடுறாம்ணே. என்னயப் பாத்து, 'வாடா காஞ்ச காட்டு ஆடே'ங்குறான்."

"நீ என்ன சொன்ன?"

"கருவாடுன்னேன். ரெஃப்ரிக்குத் தமிழ் தெரியல. ரெண்டு பேரும் கைகுடுத்துக்கிட்டோம்னு நெனச்சுட்டாரு."

அப்பா இதைக் கேட்டுவிட்டு மண்டியில் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறார். நான் சொன்ன எதையும் அவர் மண்டிவரை கொண்டுபோனதாக நினைவில்லை.

அந்தப் போட்டியின் வீடியோவை அனுப்பினான். பச்சைப் புல் தரை. வரிசை வரிசையாக யூனிஃபார்மில் உட்கார்ந்து கத்துகிறார்கள். ஒரு பக்கம் பேண்டு வாசிக்கிறது. பந்து வைத்திருக்கிறவன் மேல் நாலு பேர் விழுகிறார்கள், அந்தக் குவியலுக்குள்ளிருந்து என் தம்பி எழுந்து வருகிறான், மூக்கில் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டு. ஒலிபெருக்கியில் ஒரு வடநாட்டுக்காரர் அவன் பெயரைச் சொல்கிறார். பாதி எழுத்தைத் தின்றுவிட்டுத் தப்பாகத்தான் சொல்கிறார். ஆனாலும் சொல்கிறார். அந்த இடத்தை மட்டும் நான் எத்தனை முறை திரும்பப் பார்த்தேன் என்று தெரியாது. பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறபோதுகூடப் பார்த்தேன்.

பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஏழு பேர் ஆடுகிற வகை எது, பதினைந்து பேர் ஆடுவது எது, முன்னால் பந்து போட்டால் என்ன தண்டனை, பிடிபட்டவன் பந்தை எப்போது விட வேண்டும், எல்லாம். தம்பிக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரிய வேண்டும் என்ற எண்ணம்தான். ஒருநாள் போனில் அவனையே ஒரு விதியைக் கேட்டு மடக்கினேன். "அதெல்லாம் தெரியாதுண்ணே, விசில் ஊதுனா நிப்பேன்" என்றான். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷம்.

இந்த வருடம் அவன் ஒரு ரக்பிப் பந்தோடு வந்து இறங்கினான். திண்டுக்கல் ஸ்டேஷனில் அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டார். பந்தை நான் தூக்கி வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர், "என்ன தம்பி, பந்த யாரும் மிதிச்சுட்டாங்களா" என்று கேட்டார். ஊர் எல்லையிலிருந்து பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். நெற்றுத் தேங்காய் மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள்.

இந்தத் தடவை கபடி வேண்டாம், ரக்பி ஆடலாம் என்று பட்டாளத்துப் பக்கம் சொன்னார்கள். போலீஸ் அணிக்குத் தலைவர் எங்கள் ஊர் ஏட்டு ஒருவர், நல்ல கனத்த உடம்பு. பந்தைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"ஆள ஓட விட்டுப் புடிச்சு அமுக்கணும், அதான?"

"அதாண்ணே" என்றான் தம்பி.

"அத இருவது வருசமா சம்பளம் வாங்கிக்கிட்டுப் பண்றேன். வாங்கடா."

தம்பி இரண்டு சாயங்காலம் இரண்டு அணிக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தான். அணிக்கு ஏழு பேர். பந்தோடு ஓடி எதிராளி கோட்டைத் தாண்டி, பந்தைத் தரையில் வைத்தால் ஒன்று. பந்தை முன்னால் எறியக் கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான் போட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் ஒருவருக்கும் ஏறவில்லை.

"முன்னால ஓடணும், பந்த மட்டும் பின்னால போடணுமா?" என்றார் ஹவில்தார். "இது பின்வாங்குறதுக்குப் பழகுன ஆட்டமாவுல்ல இருக்கு."

நான் கரைமேல் உட்கார்ந்து விதிகளை விளக்கினேன். எனக்கு எல்லாம் தெரியும். உள்ளே இறங்கி ஆட மட்டும் உரிமையில்லை. தம்பி இருக்கிறான், அவன் இடத்துக்கு ஆள் தேவையில்லை. அவன் ஒவ்வொருவனையும் கட்டிப்பிடித்து, கீழே தள்ளி, தூக்கிவிட்டுச் சொல்லிக்கொடுத்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்து, "அப்புடியாப்பா?" என்று சரிபார்த்துக்கொண்டார்கள். அவன் "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பான். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கவேயில்லை.

பெரியப்பா மகனின் லீவு ரத்தானதும், அவர் வீட்டாள் யார் என்ற பேச்சு வந்தது. அவர் வீட்டில் எழுபது வயதுப் பெரியப்பா மட்டும்தான். பங்காளி வீட்டிலிருந்து ஒருவன் இறங்கலாமா என்று கூடிப் பேசினார்கள். போலீஸ் பக்கம், "யாரு, வாத்தியாரா? தாராளமா இறங்கட்டும்" என்றார்கள். அந்த 'தாராளமா' எனக்கு உறுத்தியது. ஆனாலும் இறங்கினேன். தம்பி தன்னுடைய பழைய ஜோடி பூட்ஸைக் கொடுத்தான். பெரிதாக இருந்தது. முனையில் துணி திணித்துக்கொண்டேன்.

எனக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மைக்கில் ஒரு முறையாவது என்னை நான் என்று சொல்ல வேண்டும். வழக்கம் எனக்குத் தெரியும். ஆனால் தம்பியும் நானும் ஒரே அணியில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறபோது, அவனைவிட நான் நன்றாக ஆடிவிட்டால், வர்ணிக்கிறவருக்கு வேறு வழியிருக்காது என்று நினைத்தேன்.

அணி அறிவிக்கும்போது மைக்செட்காரர், "ஏழாவதாக, அசாம் எல்லையிலிருந்து நேராகக் கண்மாயில் வந்து குதிக்கிறார்" என்று பெரியப்பா மகனின் பெயரைச் சொன்னார். கரையில் சிரித்தார்கள். பெரியப்பா கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தம்பி ஒன்று போட்டான். பந்தை மாரோடு அணைத்துக்கொண்டு மூன்று போலீஸ்காரர்களை உரசிக்கொண்டே போய்க் கோட்டுக்கு அப்பால் குப்புற விழுந்தான். புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியபோது முழங்கையெல்லாம் சிராய்ப்போடு எழுந்து நின்றான், அந்த வீடியோவில் நின்றது போலவே. பெண்கள் குலவையிட்டார்கள். நானும் கைதட்டினேன். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருக்க முடியாது.

ஏட்டு சும்மா இருக்கவில்லை. அவருக்கு ஓடத் தெரியாது, நடப்பார். நடக்கிறவரை நிறுத்த ஹவில்தாரால் ஆகவில்லை. அப்படியே ஒன்று போட்டார். பிறகு ஹவில்தார் மகன் ஒன்று, அவர்கள் ஒன்று. இரண்டுக்கு இரண்டு. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. பந்தை வைத்திருந்த ஒரு போலீஸ்காரரைப் பிடித்ததும், கபடியில் பிடிபட்டவர் மாதிரி கையை நீட்டி நடுக்கோட்டைத் தேடினார். அதைப் பார்த்துக் கரையே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். "பந்த விடுங்க சார், விதி அது" என்று கத்தினேன்.

கடைசி நேரம் என்று விசில்காரர் விரலைக் காட்டினார். தம்பி பந்தோடு ஓடினான். மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். விழுகிறபோதே திரும்பிப் பார்த்து, பந்தைப் பின்பக்கமாக எனக்குப் போட்டான். நேராக என் கைக்கு வந்தது. எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கண்மாயின் வெடிப்புகளும் சுண்ணாம்புக் கோடும்தான் தெரிந்தன.

ஓடினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். வாய்க்குள் "கபடி கபடி" என்று ஓடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. கோட்டைத் தாண்டினேன். வலது பாதத்தால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். மிதித்த அதே வேகத்தில் திரும்பி, எங்கள் பக்கத்தை நோக்கி ஓட ஆரம்பித்தேன்.

சின்ன வயதிலிருந்து கோட்டைத் தொட்டால் திரும்பித்தான் பழக்கம். எதிராளி நிலத்தில் நின்றுவிட்டால் செத்தான் என்று அர்த்தம். வீடு வந்து சேர்ந்தால்தான் புள்ளி. கால் அதைத்தான் செய்தது. படித்த விதியெல்லாம் தலையில்தான் இருந்தது.

தம்பி கீழே கிடந்தபடியே, "கீழ வையிண்ணே, அங்கயே வையி" என்று கத்தினான். எழுந்து என்னை நோக்கிக் கைகளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். என்னைத் தூக்கிச் சுற்றத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மைக் கேட்டது.

"வாத்தியாரு... நம்ம வாத்தியாரு திரும்பி வாராரு. கோட்டத் தாண்டிட்டுத் திரும்பி வாராருங்க. வாத்தியாரே, வீடு அங்கிட்டு இல்ல."

பெரியப்பா மகன் பெயரைச் சொல்லவில்லை. வாத்தியார் என்றார். அதன்பிறகு அப்பா பெயரைச் சொல்லி அவர் மூத்த மகன் என்றார், நான் வேலை பார்க்கிற பள்ளியைச் சொன்னார், கடைசியில் என் பெயரையும் முழுதாக, ஒரு எழுத்துத் தப்பாமல் சொன்னார். அதைக் கேட்டு ஒரு நொடி நின்றுவிட்டேன். ஏட்டு நடந்து வந்து, அவசரமே இல்லாமல் என்னை இடுப்போடு அணைத்துக் கீழே கிடத்தினார். பந்து உருண்டது. அதை ஒரு இளம் கான்ஸ்டபிள் எடுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி, எங்கள் கோட்டுக்கு அப்பால் குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி வைத்தார். விசில்.

தம்பி வந்து என் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விடுண்ணே. கேம்ப்ல மொத வாரம் நானும் இப்புடித்தான் திரும்பி ஓடினேன். நேவிக்காரனுங்க இன்னும் சொல்லிச் சிரிக்கிறானுங்க."

அதிலும் அவன் எனக்கு முன்னால் போயிருந்தான்.

மறுநாள் விருந்து. பட்டாளத்து அணி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறியது. நான் கறி வெஞ்சன வாளியோடு வரிசையில் போனேன். போலீஸ்காரர் ஒருவர் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, "வாத்தியாரே, கறிய எல வரைக்கும் கொண்டாந்துட்டுத் திரும்பிப் போயிராதீக" என்றார். பக்கத்து இலைகள் எல்லாம் சிரித்தன. தம்பி குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தான். ஏட்டின் மனைவி, "இங்க வாப்பா, பட்டாளத்துப் புள்ள, ஒங்கையால ஊத்து" என்று கூப்பிட்டுத் தன் அக்கா மகளின் இலையைக் காட்டினார். அந்தப் பெண் தலைகுனிந்து சோற்றைப் பிசைந்தாள். அதே இலைக்கு நான் ஏற்கனவே இரண்டு தடவை வெஞ்சனம் வைத்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லவில்லை.

இலை எடுத்த பிறகு கணக்குப் பார்க்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். கிடாய், அரிசி, மசாலா, சமையல்காரர், மைக்செட் எல்லாவற்றையும் கூட்டி ஹவில்தார் ஏழால் வகுத்தார். கூட்டிச் சொல்லச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரியப்பா வேட்டி மடிப்பிலிருந்து தன் மகனின் பங்கை எடுத்தார். வீட்டாள் ஆடினால் பணம் வராதவன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

"வாங்காதீங்க" என்றேன். "அது என் பங்கு."

"அதெப்படிப்பா?" என்றார் ஹவில்தார். "ஆடுனது அவரு மகன் பேர்லதான?"

"திரும்பி ஓடுனது யாரு?"

ஹவில்தார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அது நீதான்."

"மைக்குல யார் பேரச் சொன்னாக?"

"ஒம் பேரத்தான். ஊரே கேட்டுச்சே."

"அப்ப எங்கிட்ட வாங்குங்க."

பெரியப்பா, "ஏலே அப்பு, மே மாசம் ஒனக்குச் சம்பளமே இல்லயாமுல்ல. எதுக்கு வீம்பு" என்றார். அம்மா தூரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே, "அவனுக்கும் சேத்துத் தம்பியே குடுத்துருவான், விடுங்க" என்றாள். தம்பி ஏற்கனவே பர்ஸைத் திறந்து இரண்டு பங்கு நோட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஒண்ண உள்ள வை" என்றேன்.

"அண்ணே..."

"வைடா உள்ள."

வைத்தான். அதுவரை அவன் முகத்தில் நான் பார்த்திராத ஒரு சங்கடம் தெரிந்தது. செத்த நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போய், ஜூன் சம்பளத்தில் தருவதாகச் சொல்லிக் கைமாற்று வாங்கி வந்து ஹவில்தார் முன்னால் வைத்தேன். பட்டாளத்து வீடுகளைச் சொல்லி ஆறு பங்கையும் மைக்கில் வாசித்த மைக்செட்காரர், ஏழாவதுக்கு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாத்தியார்" என்று சொல்லித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஆளுக்கு மூவாயிரத்து நூறு. ஏழு பேருக்கும் சேர்த்து அந்த ஆட்டம் எங்களுக்கு வைத்த செலவு இருபத்தோராயிரத்து எழுநூறு ரூபாய்.